வாழ்க்கை போகும் திசையை நின்று பரிசீலிப்பது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். படிப்பு, வேலை, திருமணம், குழந்தைகள் என ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் அமைந்துவிட்ட, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாத வாழ்க்கை என்னுடையது. ஆயினும் நாற்பதை நெருங்கும் இவ்வேளையில், இவற்றையெல்லாம் நானே விரும்பித் தேர்ந்தெடுத்தேனா, அல்லது பிறர் எதிர்பார்த்ததை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டே வந்துவிட்டேனா என்ற கேள்வி என்னை விடுவதாயில்லை. சற்று நின்று யோசிக்கலாம் என்று விடுப்பும் எடுத்துப் பார்த்தேன். தனியே உட்கார்ந்தால் பழைய முடிவுகளும் தவறிப்போன வாய்ப்புகளும்தான் வரிசையாக வந்து நிற்கின்றன; எழுந்திருக்கும்போது மனம் முன்னைவிடக் கனத்துவிடுகிறது. போகும் திசையைப் பரிசீலிப்பதை உண்மையில் எப்படிச் செய்வது? எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம். நான் மனநல ஆலோசனைத் துறையில் இருப்பவள். உங்கள் மனம் கனத்துப்போவது, உங்கள் வாழ்க்கை தடம் மாறிவிட்டதற்குச் சான்று ஆகாது என்பதை முதலில் சொல்லிவிட விரும்புகிறேன். தன்னைப் பற்றி எண்ணுவதில் இருவகை உண்டு என்பதை 1999-இல் பால் டிராப்னெல், ஜெனிஃபர் கேம்ப்பெல் என்ற உளவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். தன்னை அறிந்துகொள்ளும் ஆர்வத்தால் எழும் சிந்தனை ஒன்று. இழப்பும் அச்சமும் தூண்டிவிட, நடந்து முடிந்ததையே திரும்பத் திரும்ப அசைபோடுவது மற்றொன்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், அசைபோடுபவரும் தாம் ஆழ்ந்து சிந்திப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார். இந்த இரண்டாவது வகை மனச்சோர்வை நீட்டிக்கவே செய்கிறது என்பதைச் சூசன் நோலன்-ஹோக்சிமா பல ஆண்டுகள் ஆராய்ந்து எடுத்துரைத்திருக்கிறார்.

வெறுமனே உட்கார்ந்திருப்பது யாருக்குமே கடினம்தான். 2014-இல் டிமோதி வில்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுகளில், 6 முதல் 15 நிமிடங்கள் வரை தம் எண்ணங்களோடு மட்டும் தனித்திருப்பதைப் பெரும்பாலோர் விரும்பவில்லை. சும்மா இருப்பதற்குப் பதிலாக, லேசான மின்னதிர்ச்சியைச் சிலர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டார்கள். ஆகவே யோசிப்பதை விட்டு எழுதத் தொடங்குங்கள். கால் மணி நேரம் என்று வரையறுத்துக்கொண்டு எழுதுங்கள். நேரம் முடிந்ததும் மூடி வைத்துவிடுங்கள். ‘ஏன் இப்படி ஆனது?’ என்று தொடங்கும் கேள்வி உங்களைப் பழைய காலத்துக்கே இழுத்துச் செல்லும். ‘இந்த மாதத்தில் எந்த வேலை என்னை நேரம் போவது தெரியாமல் உட்கார வைத்தது? எதைச் செய்யும்போது எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன்?’ என்று கேட்டுப் பாருங்கள். விடைகள் சிறியவையாகத் தோன்றினாலும் அவை இன்றைய உங்களைப் பற்றியவை.

மறுமொழி 2

மேலே சொல்லப்பட்டதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. நமக்கு எது முக்கியம் என்று நம்மையே கேட்டால், நாம் மதிக்க விரும்பும் விடையைத்தான் சொல்லிக்கொள்வோம். நமது நாட்கள் வேறு விடையை வைத்திருக்கும். கடந்த மாதத்தின் நாட்காட்டி, வங்கிக் கணக்கு விவரம், கைப்பேசி காட்டும் திரைநேரம் ஆகிய மூன்றையும் எடுத்து மேசையில் வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே, அது யாருக்காக, எதற்காக நடந்தது என்று பென்சிலால் ஒரு சொல் எழுதுங்கள். ‘கடமை’, ‘ஆசை’, ‘பழக்கம்’, ‘மறுக்க இயலாமை’ என்பன போன்ற நாலைந்து சொற்களே திரும்பத் திரும்ப வரும். பக்கத்தின் அடியில் எந்தச் சொல் அதிகம் வந்திருக்கிறது என்று பார்த்தால், மணிக்கணக்கில் யோசித்தாலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும். ‘மறுக்க இயலாமை’ மிகுந்திருந்தால், நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கேயே பாதி விடை இருக்கிறது.

மறுமொழி 3

கால இடைவெளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடத்தையைச் சரிபார்ப்பதும் திசையைச் சரிபார்ப்பதும் வெவ்வேறு என்பது என் உறுதியான கருத்து. பெஞ்சமின் பிராங்க்ளின் தமக்கென 13 நற்பண்புகளை வகுத்து, வாரத்துக்கு ஒன்றில் தனிக் கவனம் வைத்து, தவறிய இடங்களில் ஒரு சிறு குறிப்பேட்டில் கரும்புள்ளி இட்டுவந்தார். இன்று என்ன நன்மை செய்தேன் என்று மாலைதோறும் கேட்டுக்கொண்டார். இது நடத்தைக்கான தணிக்கை; நாள்தோறும் செய்யத் தக்கது. ஆனால் ‘இந்தத் தொழிலில் நீடிக்கலாமா?’ என்று நாள்தோறும் கேட்டால் எந்தத் தொழிலிலும் நிலைக்க முடியாது. அதற்கு ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். பிறந்தநாள், ஆண்டுத் தொடக்கம் போன்ற நாட்களை ஒட்டி மக்கள் புதிய முயற்சிகளில் இறங்குவது கூடுகிறது என்பதை ஹெங்சென் டாய் உள்ளிட்ட மூவர் 2014-இல் நிறுவியிருக்கிறார்கள். எனவே அத்தகைய ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் வலியுறுத்துகிறேன். தூக்கம் கெட்டிருக்கும்போதும், ஒருவரை இழந்து துயரத்தில் இருக்கும்போதும், அலுவலகத்தில் சண்டையிட்டு வந்த மாலையிலும் இந்தப் பரிசீலனையைத் தொடங்கவே கூடாது. களைத்துப்போனவருக்கு எல்லாப் பாதையும் தவறாகத்தான் தெரியும். முதலில் ஓய்வு, பிறகு கேள்வி.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாட்காட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதவி உயர்வுக்குப் பின் ஏற்றுக்கொண்ட மேற்பார்வைப் பணிகள் அனைத்துக்கும் எதிரே ‘மறுக்க இயலாமை’ என்றே எழுத நேர்ந்தது. இளையவர்களுக்குப் பயிற்சி அளித்த சில பிற்பகல்களுக்கு மட்டுமே ‘ஆசை’ என்று எழுத முடிந்தது. கற்பிக்கும் பணிக்கு மாறிவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனால் இத்தனை ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த நிலையை விட்டுவிடுவதா என்ற தயக்கம் வந்து தடுக்கிறது.

மறுமொழி 4

அந்தத் தயக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். செலவழித்துவிட்டோம் என்பதற்காகவே ஒன்றைத் தொடரும் போக்கு மனிதரிடம் வலுவாக இருப்பதை ஆர்க்ஸ், புளூமர் இருவரும் 1985-இல் சோதனைகள் வழியே காட்டினார்கள். போன ஆண்டுகள், நீங்கள் தொடர்ந்தாலும் விலகினாலும் திரும்பப் போவதில்லை. எனவே அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழந்தைகளின் படிப்பு, வீட்டுக் கடன், துணைவரின் கருத்து ஆகியவை வரப்போகும் ஆண்டுகளைச் சார்ந்தவை. அவற்றைக் கட்டாயம் கணக்கில் சேருங்கள். இன்று எந்தப் பொறுப்பும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் இந்த மேற்பார்வைப் பணியை விண்ணப்பித்துப் பெறுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

விடை ‘இல்லை’ என்றாலும் உடனே வேலையை விட வேண்டியதில்லை. சில பிற்பகல்களில் கிடைத்த மகிழ்ச்சி, அதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளும்போதும் நிலைக்கிறதா என்பதைச் செய்துதான் அறிய முடியும். மேற்பார்வைப் பணிகளில் ஒன்றையாவது வேறொருவரிடம் ஒப்படைத்து, அந்த நேரத்தில் பயிற்சி வகுப்புகளைக் கூடுதலாக ஏற்க அனுமதிக்குமாறு உங்கள் மேலாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பென்சிலோடு நாட்காட்டியின் முன் மறுபடி உட்காருங்கள். இதை உங்கள் துணைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாற்றத்தின் பாதிச் சுமை அவருடையதாகவும் இருக்கப்போகிறது.