வாடகை வீட்டு ஜன்னல்ல கம்பியே இல்ல, பையன் ஏறறான். அவசரம்!

பாலக்கோடு பவி:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். போன மாசம்தான் வந்தோம். ஜன்னல் முழுசா வெளிய தொறக்குது, ஒரு கம்பி கூட இல்ல. பையன் இன்னிக்கு சோபா மேல ஏறி நின்னு கைப்பிடியத் திருப்பிட்டான். எனக்கு உதறல் இன்னும் நிக்கல. ஓனர்கிட்ட கம்பி போடச் சொல்லலாமா, நாங்களே போட்டா எவ்ளோ ஆகும்? என் கணவர் நைட் ஷிப்ட், சீக்கிரம் சொல்லுங்க.

பாகலூர் ரோடு:
முதல்ல அக்ரிமென்ட்ட எடுத்துப் படிம்மா. கேக்காம ஓட்டை போட்டா டெபாசிட்ல கை வைப்பாங்க. குடி வந்த அன்னிக்கு சுவரு, கார்ப்பெட், அடுப்பு எல்லாத்தையும் போட்டோ எடுத்தியா? இல்லன்னா இப்பவே எடுத்து ஏஜெண்டுக்கு மெயில் அனுப்பு, தேதி பதிவாகும். இங்க எல்லாரும் கோட்டை விடறது அதுலதான்.

காவேரிப்பட்டணம் சிங்கை:
கிரில்தான் ஒரே வழி. ஓனர் சம்மதம் வாங்கி, உரிமம் உள்ள ஜன்னல் கான்ட்ராக்டர வச்சுப் போடுங்க. கேஸ்மென்ட் ஜன்னல்னா, அதாவது கதவு மாதிரி கீல்ல தொறக்கறதுன்னா, கீல்ல அடிச்சிருக்கற ரிவெட் ஆணியையும் பாருங்க. அலுமினியம்னா துருப்பிடிக்காத ஸ்டீலுக்கு மாத்தணும்னு 2004லயே இங்க சிங்கப்பூர்ல உத்தரவு போட்டாச்சு. மாத்தாத ஜன்னல் பலகையோட கழண்டு கீழ விழும்.

ஊத்தங்கரை குமரன்:
கிரில் எதுக்கு? சிட்னி அடுக்கு வீடுகள்ல 2018 மார்ச்சுல இருந்து ஜன்னல் 12.5 செ.மீ.க்கு மேல தொறக்காதபடி பூட்டு கட்டாயம். உள்தரையில இருந்து 1.7 மீட்டருக்குக் கீழ ஜன்னல், வெளிய 2 மீட்டருக்கு மேல பள்ளம், இந்த ரெண்டும் இருந்தா சட்டம் பொருந்தும். செலவு அந்தக் கட்டட உரிமையாளர்கள் சங்கத்தோடது. கொசுவலை இருக்கேன்னு மட்டும் நம்பாதீங்க, அது குழந்தை சாஞ்சா தாங்காது.

அரூர் சரவணன்:
நம்மூர்ல ஓட்டு வீட்டுக்குக் கூட ஜன்னல்ல கம்பி இருக்கும். இங்க கண்ணாடி மாளிகை கட்டி, கம்பி போட்டா அழகு கெடும்பான். வாடகை மட்டும் ஒண்ணாந்தேதி காலையில போகணும்.

பென்னாகரம்:
ஏஜெண்ட் போன எடுத்தாத்தானே அண்ணா. ஹீட்டர் போனா குளிர் காலம் முடிஞ்சப்புறம் ஆள் வரும்.

மத்தூர் அக்கா:
ஏங்க, அந்தப் பொண்ணு எந்த நாடுன்னே சொல்லல, ஆளாளுக்கு ஒரு சட்டம் சொல்றீங்க. பவி, எந்த ஊரு, எத்தனாவது மாடி, பையனுக்கு என்ன வயசு, ஜன்னல் எந்த மாதிரி, கீழ என்ன இருக்கு?

பாலக்கோடு பவி:
மன்னிச்சிடுங்க அக்கா, பதட்டத்துல விட்டுட்டேன். இங்கிலாந்து, லீட்ஸ். ரெண்டாவது மாடி. ரெண்டு வயசு முடிஞ்சுது. வெள்ளை பிளாஸ்டிக் பிரேம், பக்கவாட்டுல கீல். கீழ கார் நிறுத்தற சிமென்ட் தரை.

மத்தூர் அக்கா:
சரி. முதல் வேலை, சோபா, கட்டில், டிராயர் எல்லாத்தையும் ஜன்னல் ஓரத்துல இருந்து நகத்து. ஜன்னல் திண்டு தரையில இருந்து ஒரு மீட்டர் இருந்தாலும், பையன் சோபா மேல நின்னா அளவு சோபாவுல இருந்துதான்.

அடுத்து டேப்ப எடுத்து அள. திண்டு 1.1 மீட்டருக்குக் கீழ இருந்தா தடுப்பு வேணும். தடுப்புன்னா கம்பி இல்ல, திறப்ப 10 செ.மீ.ல நிறுத்தற ரெஸ்ட்ரிக்டர், ஜன்னலையும் பிரேமையும் இணைக்கற குட்டை கேபிள் மாதிரி. சின்னக் குழந்தை அதுல நுழையக் கூடாதுங்கறதுதான் கணக்கு. இந்த 10 செ.மீ.ய கீல் பக்கம் அளக்காத, கைப்பிடி இருக்கற ஓரத்துல அள. கீலுக்குப் பக்கத்துல மாட்டுனா கேபிள் குட்டையா இருந்தும் மறு ஓரம் அகலமாத் தொறந்துக்கும். பாதிப் பேரு சறுக்கறது இங்கதான். பிளாஸ்டிக் பிரேம்ல ஸ்குரூ உள்ள இருக்கற ஸ்டீல் பட்டையப் பிடிக்கணும். வெறும் பிளாஸ்டிக்ல ஏறியிருந்தா நாலு தடவ இழுத்தாலே கழண்டு வரும். தப்பான இடத்துல துளை போட்டா கண்ணாடியும் போகும். அதனால ஓனர் ஆள் வந்து மாட்டட்டும்.

காவேரிப்பட்டணம் சிங்கை:
அக்கா, கேபிள விட கிரில் பலம் இல்லயா?

மத்தூர் அக்கா:
பலம்தான் தம்பி. தீப்பிடிச்சா எப்படி வெளிய வருவாங்க? தப்பிக்கற வழின்னு வச்ச ஜன்னல அசையாத கம்பி போட்டு அடைக்கக் கூடாது. ரெஸ்ட்ரிக்டரும் பெரியவங்க விடுவிக்கற மாதிரி இருக்கணும். சாவி வகைன்னா சாவிய பையனுக்கு எட்டாத உயரத்துல, அதே அறையில ஆணி அடிச்சு மாட்டு.

பாலக்கோடு பவி:
அளந்தேன் அக்கா, திண்டு 62 செ.மீ.தான். ஏஜெண்ட் 'ஜன்னல மூடியே வைங்க, போதும்'னு சொல்றாரு.

மத்தூர் அக்கா:
அது பதில் இல்ல. வெயில் காலத்துல யாரு மூடி வைப்பா? 62ன்னா கண்ணாடியும் கேள்விதான். தரையில இருந்து 80 செ.மீ.க்குள்ள வர்ற கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியா இருக்கணும். மூலையில சின்னதா முத்திரை இருக்கும், தேடிப் பாரு, இல்லன்னா அதையும் எழுது.

போன்ல பேசாத, மெயில் போடு. மாடி, திண்டு உயரம், திறப்பு அகலம், கீழ சிமென்ட், குழந்தை வயசு, டேப் வச்ச போட்டோ, எல்லாம் ஒரே மெயில்ல. பதில் வரலன்னா உங்க ஊர் கவுன்சில்ல, நம்மூர் நகராட்சி மாதிரி, வீட்டு வசதி ஆய்வாளரக் கூப்பிடு. 2004 வீட்டுச் சட்டத்துப்படி அவங்க பாக்கற ஆபத்துகள்ல இதுவும் ஒண்ணு. அடுத்த 12 மாசத்துல விழ எவ்ளோ வாய்ப்பு, விழுந்தா அடி எப்படி இருக்கும்னு மதிப்பெண் போடுவாங்க. அஞ்சு வயசுக்குள்ள குழந்தை குடியிருக்கறதா வச்சுத்தான் கணக்கே, அதனால 'உங்க புள்ளைய நீங்க பாத்துக்கணும்'ங்கற பேச்சு அங்க எடுபடாது. ரெண்டு மாடி உயரம், கீழ சிமென்ட், இது ரெண்டும் மதிப்பெண்ண ஏத்தும். முதல் வகை ஆபத்துன்னு வந்துட்டா கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆகணும், ரெண்டாம் வகைன்னா அவங்க விருப்பம்.

ஆள் வர்ற வரைக்கும் அந்த ஜன்னலப் பூட்டி, சாவிய எடுத்து அதே மாதிரி எட்டாத உயரத்துல மாட்டிடு. காத்துக்கு, ஜன்னலோட மேல்பக்கம் சின்னத் திறப்பு ஏதும் இருந்தா அத மட்டும் தொற. சோபாவ இன்னிக்கே நகத்து, அவர் ஷிப்ட் முடிஞ்சு வரட்டும்னு காத்திருக்காத.

பாகலூர் ரோடு:
நகத்தறதுக்கு முன்னாடி கார்ப்பெட்ட ஒரு போட்டோ எடுத்துக்கோம்மா.