‘இறக்கம்’ என்று சொல்லப் பயந்த பஸ் பயணங்கள்

உப்புவெளிக்காரி:

நிலாவெளி வீதி பஸ்ஸில் என் தரிப்பிடம் நெருங்கும். ‘இறக்கம்’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். ஆனால் பஸ் நிறையச் சனம், எனக்கு வாய் திறக்காது. வேறு யாராவது இறங்குவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு தரிப்பிடம் தள்ளி இறங்கி வெயிலில் திரும்பி நடப்பேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்காக.

ஒன்பதாம் வகுப்பில் தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில் ‘மதிப்புக்குரிய நடுவர்களே’ வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தது இன்றும் காதில் கேட்கிறது. அதே பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு நான்தான் தேவாரம் பாடுவேன். அப்போது நடுக்கமே இருக்காது. ஏன் என்று பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. தேவாரம் பாடும்போது எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள். என்னைப் பார்க்கும் கண்களுக்குத்தான் நான் பயந்திருக்கிறேன்.

படித்து முடித்து அரச உத்தியோகம் கிடைத்தது. கிராமங்களுக்குப் போய் மாதர் சங்கக் கூட்டங்களில் கதைக்க வேண்டிய வேலை. பேச வேண்டியதை வடிவாக எழுதி, பக்கத்து மேசைத் தம்பியிடம் கொடுத்துவிடுவேன். பதவி உயர்வு நேர்முகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் விட்டேன். வீட்டில் ‘அவள் கூச்ச சுபாவம்’ என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அப்பா போனபோதுதான் அந்தப் பயத்தால் எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்தது. செத்த வீட்டில் மூத்த பிள்ளை என்று இரண்டு வார்த்தை கதைக்கக் கேட்டார்கள். நான் குசினிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். தம்பி நன்றாகத்தான் கதைத்தான். ஆனால் எனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தபோது, அப்பா இரவில் என்னைச் சைக்கிளில் இருத்தி, மழைக்குள் ஆஸ்பத்திரிக்கு மிதித்த கதை அவனுக்குத் தெரியாது. அவன் அப்போது பிறக்கவில்லை. அந்தக் கதை சொல்லப்படாமலேயே அப்பாவைக் கொண்டுபோனார்கள்.

மூன்று மாதம் கழித்து மனநலக் கிளினிக்குக்குப் போனேன். யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று அதற்கும் பயம்தான். டொக்டர் அம்மா சொன்னது இவ்வளவுதான்: பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற ஹோர்மோன் ஏறும், நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும். அந்த இடத்திலேயே நின்றால் கொஞ்ச நேரத்தில் அது தானாக இறங்கும். ஓடிவிட்டால், ‘ஓடியதால்தான் தப்பினோம்’ என்று மூளை படித்துக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் கெதியாக ஓடச் சொல்லும். நான் இருபது வருடமாக அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான்.

பயங்களைச் சின்னதிலிருந்து பெரிது வரை எழுதச் சொன்னார். கீழ்ப்படி பஸ்ஸில் ‘இறக்கம்’ சொல்வது. அடுத்தது சந்தையில் பாரை மீன் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது. இதைக் கேட்டால் சிலருக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றும். எனக்கு அந்த மீன்காரரின் முகம் இரண்டு நாள் கனவில் வந்தது. மூன்றாம் முறை போனபோது அவருக்கு என்னை ஞாபகமே இல்லை! விடியற்காலையில் திருகோணமலைக் கோட்டைக்குள் நடந்து, மேய்கிற மான்களுக்கு முன்னால் என் கூட்டப் பேச்சைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பிறகு போனில் படம் பிடித்தேன். பார்ப்பதற்கு முன் எனக்கு நானே புள்ளி போட வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. பத்துக்கு இரண்டு போட்டேன். படத்தில் இருந்தவள் கொஞ்சம் கெதியாகக் கதைக்கும் ஒரு சாதாரணப் பெண். நான் உள்ளே உணர்ந்த நடுக்கத்தை அதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கிண்ணியாத் தம்பி:

அக்கா, அந்தப் படம் பிடித்த விஷயத்தை வாசித்ததும் எழுதத் தோன்றியது. நான் கேம்பஸில் படிக்கிறேன். ஆங்கிலத்தில் பிரசன்டேஷன் செய்ய வேண்டும். பயத்துக்கு மேலே இன்னொரு பயம். பேப்பர் கையில் ஆடுவதைப் பார்த்து இன்னும் நடுங்குவேன். இப்போது பேப்பரை மேசையில் வைத்துவிடுகிறேன். முதல் இரண்டு வரியை மட்டும் பாடமாக்குவேன், மிச்சத்துக்குத் தலைப்புகள் போதும். முழுவதும் பாடமாக்கினால் ஒரு சொல் விழுந்தவுடன் எல்லாமே விழுந்துவிடுகிறது.

நீங்கள் கண்டதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு. ‘உங்கள் பதட்டம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது’ என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பேச எழும்புவதற்கு முன் நான் இதை நினைத்துக்கொள்வேன். வாப்பா இன்னொன்று சொன்னார்: ‘மூச்சை உள்ளே இழுக்கிறதை விட மெதுவாக வெளியே விடு மகன்.’ அவர் கடலுக்குப் போகிறவர். புத்தகம் வாசித்துச் சொல்லவில்லை, ஆனால் சரியாகத்தான் இருக்கிறது.

மூதூர்ப் பிள்ளை:

எனக்கு மேடையே வேண்டாம். கலியாண வீட்டுப் பந்தியில் நாலு பேருக்கு முன்னால் சாப்பிடவே கை நடுங்கும். இதுவும் அதுதானா? கூட்டாளி ஒருத்தி இதற்குக் குளிசை இருக்கிறது, பாமசியில் வாங்கலாம் என்கிறாள்.

ஓய்வுபெற்ற தாதி:

ஓம் பிள்ளை, மற்றவர்கள் பார்க்கச் சாப்பிடப் பயப்படுவதும் இதே சமூகப் பதட்டத்தைச் சேர்ந்ததுதான். நீங்கள் தனி ஆள் இல்லை. குளிசையைத் தயவுசெய்து கூட்டாளி சொல்லி வாங்க வேண்டாம். அவர் சொல்வது அநேகமாக புரோப்ரனலோலாக இருக்கும். நெஞ்சடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. டொக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். உடனே போகத் தயக்கமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள். போனில் கதைப்பதற்கும் பயமாக இருந்தால், கேட்க வேண்டியதை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள் மகள். வாசித்தாலே போதும்.

உப்புவெளிக்காரி, ஒன்று கேட்கவா? அப்பாவின் சைக்கிள் கதையைப் பிறகாவது சொன்னீர்களா?

உப்புவெளிக்காரி:

சொன்னேன் அம்மா. ஆண்டுத் திவசத்தில், சாப்பாட்டுக்கு முன்னால், எங்கள் முற்றத்தில். முப்பது பேர் இருந்திருப்பார்கள். கால் நடுங்கியது, கதிரையைப் பிடித்துக்கொண்டேன். மழை என்ற இடத்தில் அழுகை வந்து நின்றுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பின்வரிசையிலிருந்து பெரியம்மா, ‘சொல்லு பிள்ளை, பிறகு என்ன நடந்தது?’ என்றார். மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.