மேற்கோள் பட்டியலில் என் அப்பா எப்படி வந்து உட்கார்ந்தார்?

பெர்ஜுந்தை வாத்தியார்:
மலேசியத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். நேற்று திரும்பி வந்துவிட்டது. விஷயத்தில் குறை இல்லையாம். "மேற்கோள்கள் ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி இல்லை, குடும்பப் பெயரை முன்னால் போடவும்" என்று ஒரே ஒரு வரி. ஏபிஏ என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை. என் பழைய கட்டுரை ஒன்றை நானே மேற்கோள் காட்டியிருந்தேன், அங்கேயும் சிவப்பில் திருத்தம். என் பெயரை முத்து ஏ/எல் கருப்பையா, அதாவது கருப்பையாவின் மகன் முத்து, என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 'முத்து, க. (2019)' என்று போட்டதை அடித்துவிட்டு 'கருப்பையா, மு. (2019)' என்று மாற்றியிருக்கிறார்கள்.

கருப்பையா என் அப்பா. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவர். கூகுள் ஸ்காலரில் தேடினால் ஏற்கெனவே அவர் பேரில் நாலு கட்டுரை கிடக்கிறது. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று பதில் எழுதலாமா, இல்லை சொன்னபடி மாற்றிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமா?

செம்மைப்பலகை:
மாற்றிக் கொடுத்துவிடுங்கள் சார். நானும் ஓர் இதழுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். நாற்பது மேற்கோள் வந்தால் நாற்பதும் நாற்பது தினுசு. ஒரே ஆள் ஒரு பக்கத்தில் முத்து, அடுத்த பக்கத்தில் மு. கருப்பையா, பட்டியலில் கருப்பையா முத்து. மைசைட், ஸ்கோப்பஸ் மாதிரி ஆய்வுக்கட்டுரைத் தரவகங்களில் ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பிரிந்தால் மேற்கோள் எண்ணிக்கையும் பிரிந்துபோகும். பதவி உயர்வு நேரத்தில் வந்து அழாதீர்கள். பழைய நாலு கட்டுரை கருப்பையா பேரில் இருந்தால் ஐந்தாவதும் அப்படியே இருக்கட்டும்.

மூணாங்கட்டை:
நாலு தடவை தப்பு நடந்தால் ஐந்தாவது தடவை அது சரியாகிவிடுமா? ஏபிஏ என்ன வேதமா! 1929இல் ஓர் அமெரிக்க உளவியல் இதழில் ஏழு பக்கக் கட்டுரையாக வந்த சமாச்சாரம், இன்றைக்கு நானூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. அதில்கூட அப்பா பெயரை முன்னால் போடு என்று எங்கேயும் இல்லை.

தமிழில் நமக்கென்று ஒரு முறை எப்போதோ வந்தாயிற்று: 'வரதராசன், மு.' என்று போடுகிறோம். பார்க்க வெள்ளைக்காரன் முறை போலவே இருக்கும். ஆனால் காற்புள்ளிக்கு முன்னால் நிற்பது ஆளின் சொந்தப் பெயர், பின்னால் இருப்பதுதான் தலைப்பெழுத்து. வாத்தியார் போட்டது அதைத்தான். மலாய்க்காரர்கள் 'அகமது பின் அலி'யை 'அலி, அ.' என்று போட விடுவார்களா? நூலகப் பட்டியல் விதியிலேயே மலாய்ப் பெயருக்குச் சொந்தப் பெயர்தான் தலை. நமக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

என்னைக் கேட்டால் பழையபடி அடிக்குறிப்பு, முந்தைய குறிப்பில் சொன்ன நூலே என்றால் 'மேலது', 'பக். 23–27' என்று போய்விட வேண்டும். ஒரு தொல்லையும் இல்லை.

செம்மைப்பலகை:
தொல்லை இல்லையா? போன மாதம் ஒருவர் ஒரே ஒரு பத்தியைத் தூக்கி முன்னால் வைத்தார். பதினோரு 'மேலது' வேறு நூலைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொன்றாகப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன் அண்ணே, இரவு இரண்டு மணி. சிகாகோ மேற்கோள் முறைக்காரர்களே 2017இல் வந்த 17ஆம் பதிப்பில் 'மேலது' வேண்டாம், ஆசிரியர் பெயரும் சுருக்கிய தலைப்பும் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. நூலின் உள்பக்கத்தில் தி.ஆ. (திருவள்ளுவர் ஆண்டு) 2030 என்று இருந்ததை ஒருவர் அப்படியே (2030) என்று போட்டுக் கொடுத்தார். இன்னும் அச்சாகாத புத்தகத்துக்கு மேற்கோள்! 31 கழித்து 1999 என்று போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. விதி என்று ஒன்று வேண்டும் என்பது இதற்குத்தான்.

பெயர் விஷயத்தில் மட்டும் மூணாங்கட்டை அண்ணன் சொல்வதில் பாதி நியாயம். மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. ஆசிரியர் குழுவும் அதை நம்பிவிடுகிறது.

ஆய்வுமாணவி:
சார், சொத்தேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் முத்து, முதற்பெயர்க் கட்டத்தில் கருப்பையா. இப்படித் தலைகீழாகக் கொடுத்தால் 'முத்து, க.' என்று நேராக வரும். முழுப்பெயராகவே வர வேண்டுமானால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கிவிடுங்கள். ஏ/எல், ஏ/பி (மகள்) எதையும் உள்ளே போடாதீர்கள். எனக்கு ஒரு தடவை 'ஏபி' நடுப்பெயராகி 'ஏ.' என்று ஒட்டிக்கொண்டது.

பழைய நாலு கட்டுரையை ஆர்சிட் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண், இலவசம். அதில் பெயர் எப்படி இருந்தாலும் ஆள் ஒருவர்தான்.

என் சந்தேகம் வேறு. ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவரிடம் மூன்று மணி நேரம் பேசினேன். அவர் சொன்னதைப் பட்டியலில் எங்கே போடுவது?

செம்மைப்பலகை:
பட்டியலில் வராதும்மா. வாசகர் போய்த் தேடிப் பார்க்க முடியாத எதற்கும் அங்கே இடமில்லை. வாக்கியத்துக்குள்ளேயே பெயர், நேர்ப்பேச்சு, தேதி என்று போட்டால் போதும். அவர் உங்கள் ஆய்வுக்காகப் பேட்டி கொடுத்தவர் என்றால் அதுவும் கிடையாது. அது உங்கள் தரவு, ஆய்வுமுறைப் பகுதியில் விளக்க வேண்டியது.

மூணாங்கட்டை:
இதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், ஆபீசை இடித்தார்கள், செக்ரோல் புத்தகங்கள் கரையானுக்குப் போயின. மிச்சம் இருப்பது கிழவர்கள் வாயில்தான். தோட்டத்துத் துரை எழுதி வைத்த கடிதத்துக்குப் பட்டியலில் இடம், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்ற ஆள் சொன்னதற்கு இல்லையா?

செம்மைப்பலகை:
கோபம் நியாயம்தான். ஆனால் துரையின் கடிதத்துக்கு மரியாதை கொடுத்து யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. அது ஒரு காப்பகத்தில் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கிராணி பேசியதைப் பதிவு செய்து, அவர் சம்மதத்தோடு ஒரு நூலகத்தில் கொடுங்கள். அதற்கும் ஓர் எண், ஒரு முகவரி வந்துவிடும். அப்புறம் பட்டியலில் தாராளமாக வரலாம்.

பெர்ஜுந்தை வாத்தியார்:
என்னிடம் ஒரு கும்பாபிஷேக மலர் இருக்கிறது. வெளியீடு 'மகா மாரியம்மன் ஆலய நிர்வாகக் குழு, பத்தாங் பெர்ஜுந்தை'. ஏழாம் பதிப்பில் ஊர்ப்பெயரே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்களே? 2007இல் ஊரும் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது.

மூணாங்கட்டை:
மாரியம்மன் கோவில் இல்லாத தோட்டம் எது? ஊரை எடுத்துவிட்டால் எந்த மாரியம்மன் என்று ஆத்தாளுக்கே தெரியாது.

செம்மைப்பலகை:
இதில் நான் மூணாங்கட்டை பக்கம். வெளியீட்டாளர் பெயரோடு சேர்த்தே ஊரைப் போடுங்கள். அட்டையில் இருப்பது போல பத்தாங் பெர்ஜுந்தை என்றே இருக்கட்டும். புதுப்பெயரைப் போட்டால் அப்படி ஒரு மலர் வந்ததே இல்லை என்றாகிவிடும்.

பெர்ஜுந்தை வாத்தியார்:
ஒரு வாரம் ஆயிற்று. ஆசிரியர் குழுவுக்கு விளக்கம் எழுதினேன், 'முத்து, க.' என்று விட்டுவிட்டார்கள். ஆனால் கட்டுரையைத் திரும்ப ஏற்றப் போனால் அந்த இணையப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடவே மாட்டேன் என்கிறது.

ஆய்வுமாணவி:
அப்புறம் என்ன போட்டீர்கள் சார்?

பெர்ஜுந்தை வாத்தியார்:
முத்து. முதற்பெயர்க் கட்டத்தில் அப்பா. இன்று காலை மின்னஞ்சல் வந்தது: 'அன்புள்ள கருப்பையா, உங்கள் கட்டுரை கிடைத்தது.'