ஓப்பன்பாக்ஸ் போட்டதுல இருந்து தமிழ் டைப்பிங் வரல, பேனல கொன்னா மட்டும் வருது, யாராச்சும் சொல்லுங்கப்பா

கணக்கப்புள்ள_காரைக்குடி:
எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடில ஒரு ஆச்சியோட பலகாரக் கடைக்கு நான்தான் கணக்கு பாக்குறேன், ஆர்டர் எழுதுறது, டின்னுக்கு லேபிள் அடிக்கிறது எல்லாம் என் தலைலதான். கடைன்னா போர்டு வச்ச கடை இல்ல, வீட்டுக்குள்ளயே, ரெண்டாங்கட்டுல அடுப்பு, பட்டாலைல பேக்கிங். அங்க ஒரு பழைய லேப்டாப் கெடக்கு, கோர் 2 டுவோ, ரேம் 2 ஜிபி, சுத்துற ஹார்ட் டிஸ்க். முன்னாடி க்னோம் டெஸ்க்டாப் இருந்துச்சு, ஆர்டர் ஷீட்ட தொறக்க விட்டுட்டு போனா ஒரு ஈடு தேன்குழல் வெந்து எடுத்துரலாம், அம்புட்டு வேகம்.

சரின்னு போன வாரம் டெபியன் லினக்ஸ மொட்டையா போட்டு மேல விண்டோ மேனேஜரா ஓப்பன்பாக்ஸ், ஐகான் எல்லாம் நிக்கிற பேனலுக்கு டின்ட்2, தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ், அதுல எம்17என் தமிழ்99 கீபோர்டு எல்லாம் ஏத்துனேன். லாகின் ஸ்க்ரீன் எதுக்குன்னு அதையும் எடுத்துட்டு ஸ்டார்ட்எக்ஸ்னு கமாண்டு அடிச்சுத்தான் உள்ள போறேன். வேகம் சும்மா பிச்சுக்கிட்டு போகுது, அதுல குறையே இல்ல.

ஆனா தமிழ் வரல. சூப்பர் கீயும் ஸ்பேஸும் அமுக்குனா ஒண்ணும் நடக்கல, பேனல்ல ஐபஸ் ஐகானும் இல்ல, வைஃபை ஐகானும் இல்ல (நெட் வருது, ஐகான்தான் இல்ல). இதுல கூத்து என்னன்னா நேத்து பேனல் தொங்கிப் போச்சு, டெர்மினல்ல கில்ஆல்னு கமாண்டு போட்டு டின்ட்2வ கொன்னேன் (அதாவது நிறுத்துனேன்), கொன்ன அடுத்த செகண்டு ஏற்கனவே தொறந்திருந்த கால்க் ஷீட்டுல தமிழ் வருது! அப்பறம் டெர்மினல்லயே டின்ட்2ன்னு அடிச்சேன், பேனல் வந்துச்சு, கூடவே வைஃபை ஐகான், ஐபஸ் ஐகான் எல்லாம் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வரிசையா வந்து நிக்குது. ரீஸ்டார்ட் பண்ணா பழையபடி மொட்டை. ஆச்சி விபூதி எடுத்துட்டு வந்துட்டாங்க. வெள்ளிக்கிழமை ஒரு சீர் பலகார ஆர்டர் போகணும், மனகோலம் அதிரசம் எல்லாத்துக்கும் தமிழ்லதான் லேபிள் ஒட்டணும்.

புதுவயல்_பைனரி:
ப்ரோ ஓப்பன்பாக்ஸே பழசு, கடைசி ரிலீஸ் 3.6.1, 2015ல வந்தது. வேற விண்டோ மேனேஜர் இருக்கு, ஐ3 போடுங்க, இல்ல டிடபிள்யூஎம் போடுங்க, 2000 வரிக்குள்ள மொத்த கோடும் முடிஞ்சிரும், மவுஸே வேணாம்.

கணக்கப்புள்ள_காரைக்குடி:
ஆச்சி மவுஸ புடிக்கவே நான் ஒரு மாசம் சொல்லிக் குடுத்தேன் ப்ரோ.

தேவகோட்டை_டெர்மினல்:
தம்பி எதையும் மாத்தாதீங்க, புதுசா எதுவும் போடவும் வேணாம். பேனல் செத்தா தமிழ் வருதுன்னு எழுதுனீங்க பாருங்க, பதில் அதுக்குள்ளயேதான் இருக்குன்னு தோணுது. ஹோமுக்குள்ள டாட் கான்ஃபிக், அதுக்குள்ள ஓப்பன்பாக்ஸ் ஃபோல்டர், அதுல ஆட்டோஸ்டார்ட்னு ஒரு ஃபைல் இருக்கும். அதுல என்ன எழுதி வச்சிருக்கீங்க, வரிசை மாறாம சொல்லுங்க.

கணக்கப்புள்ள_காரைக்குடி:
அண்ணே போன்ல இருந்து அடிக்கிறேன், மெஷின்ல இங்கிலீஷ்ல இருக்குறத தமிழ்லயே சொல்றேன். மொதல்ல மூணு எக்ஸ்போர்ட் வரி (டைப்பிங்குக்கு ஐபஸ்ஸ கேளுன்னு புரோகிராம்களுக்குச் சொல்ற செட்டிங்: ஜிடிகே ஐஎம் மாட்யூல், க்யூடி ஐஎம் மாட்யூல், எக்ஸ்மாடிஃபையர்ஸ், மூணுலயும் ஐபஸ்). நாலாவது ஃபே, வால்பேப்பர் ஒட்ட. அஞ்சாவது டின்ட்2. ஆறாவது ஐபஸ்-டீமன், பக்கத்துல -டிஆர்எக்ஸ். அவ்வளவுதான். வைஃபைக்கு நான் எதுவும் எழுதல.

தேவகோட்டை_டெர்மினல்:
அஞ்சாவது வரில டின்ட்2க்கு பின்னாடி & குறி இருக்கா?

கணக்கப்புள்ள_காரைக்குடி:
இல்லண்ணே. போடணுமா?

தேவகோட்டை_டெர்மினல்:
அதான் தம்பி பேய்.

ஆட்டோஸ்டார்ட்ங்கறது ஒரு சாதாரண ஷெல் ஸ்க்ரிப்ட்டு. மேல இருந்து ஒவ்வொரு வரியா ஓட்டும், ஒரு வரி முடிஞ்சாத்தான் அடுத்த வரிக்குப் போகும். ஃபே எப்படித் தப்பிச்சதுன்னா அது படத்த ஒட்டிட்டு உடனே வெளிய போயிரும். டின்ட்2 அப்படி இல்ல, அது பேனல், நீங்க மெஷின அணைக்கிற வரைக்கும் உக்காந்தே இருக்கும். பின்னாடி & போட்டா "நீ பாட்டுக்கு ஓரமா ஓடு, நான் அடுத்தத பாக்குறேன்"னு ஸ்க்ரிப்ட் நகந்துரும். போடலன்னா அது எந்திரிக்கிற வரைக்கும் ஸ்க்ரிப்ட் அங்கயே காத்துக் கெடக்கும். பந்தில மொத இலைக்காரர் எந்திரிக்கல, அடுத்த பந்தி எப்படிப் போடுறது, அந்தக் கதைதான். நீங்க டின்ட்2வ கொன்னீங்க, அஞ்சாவது வரி முடிஞ்சுது, ஆறாவது வரி ஓடுச்சு, தமிழ் வந்துச்சு.

வைஃபை ஐகான் ஏன் சேந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. ஓப்பன்பாக்ஸ் செஷன் உங்க ஆட்டோஸ்டார்ட்ட முழுசா முடிச்சிட்டுத்தான் சிஸ்டத்துக்குன்னு பொதுவா இருக்கற எக்ஸ்டிஜி ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டருக்குப் போகும். வைஃபை ஐகான காட்டுற என்எம்-ஆப்லெட் அங்கதான் இருக்கு. உங்க ஃபைல் நடுவுலயே நின்னு போனா அதுக்கும் முறை வராது. இந்த ரெண்டாவது வேலைக்கு பைதான் எக்ஸ்டிஜி பேக்கேஜ் வேணும், நெறைய பேருக்கு அது இல்லாமத்தான் ஐகான் வராம போகும், உங்ககிட்ட இருக்கு, இல்லன்னா பேனல் செத்தப்பறமும் வைஃபை ஐகான் வந்திருக்காது.

ஐபஸ் வரிக்கு & வேணாம், -டின்னு இருக்கறதே பின்னணிக்கு அனுப்பத்தான். டின்ட்2க்கு மட்டும் போட்டுட்டு வெளிய போயிட்டு மறுபடி ஸ்டார்ட்எக்ஸ் அடிங்க.

கணக்கப்புள்ள_காரைக்குடி:
அண்ணே!! வந்துருச்சு. ஒத்த குறிக்கு மூணு நாளு. ஆச்சி விபூதிய பூசியே விட்டுட்டாங்க, இப்ப அதனாலதான் சரியாச்சுன்னு சொல்றாங்க, நான் மறுக்கல.

கணக்கப்புள்ள_காரைக்குடி:
சாரிண்ணே இன்னொண்ணு. பேனல்ல இருக்கற ஐகான அமுக்கி கால்க் தொறந்தா தமிழ் வருது. டெஸ்க்டாப்ல ரைட் க்ளிக் பண்ணி மெனுல இருந்து அதே கால்க்க தொறந்தா வரல, இங்கிலீஷ்லயே நிக்குது. ஒரே மெஷின், ஒரே புரோகிராம். சோறு திங்க மறந்துட்டேன் இதப் பாத்துக்கிட்டு.

தேவகோட்டை_டெர்மினல்:
நல்லாப் பாத்தீங்க தம்பி, இது அந்த மூணு எக்ஸ்போர்ட் வரியோட கோளாறு. ஆட்டோஸ்டார்ட் ஓடுறது தனி ஷெல்லுல, அதுல எக்ஸ்போர்ட் பண்றது அந்த ஷெல்லுக்கும் அது பெத்த புள்ளைங்களுக்கும் மட்டும்தான் போகும். டின்ட்2 அதோட புள்ள, அதனால பேனல்ல இருந்து தொறக்கறது எல்லாத்துக்கும் அந்தச் சொத்து வருது. ரைட் க்ளிக் மெனு ஓப்பன்பாக்ஸோடது, ஓப்பன்பாக்ஸ் உங்க ஆட்டோஸ்டார்ட்டுக்கு அப்பன் ஸ்தானம், புள்ள சம்பாதிச்சது அப்பனுக்குத் திரும்பி ஏறாது.

அதே ஃபோல்டர்ல என்விரான்மென்ட்னு ஒரு ஃபைல் வைங்க, மூணு வரியையும் ஆட்டோஸ்டார்ட்டுல இருந்து வெட்டி அங்க ஒட்டுங்க. ஓப்பன்பாக்ஸ் செஷன் அதப் படிச்சிட்டுத்தான் ஓப்பன்பாக்ஸயே கெளப்பும், அப்ப எல்லாருக்கும் கெடைக்கும். ரீகான்ஃபிகர் (செட்டிங்க மறுபடி படிக்கச் சொல்றது) மட்டும் குடுத்தா பத்தாது, வெளிய போயிட்டு வரணும். டிஸ்பிளே மேனேஜர் (லாகின் ஸ்க்ரீன்) வழியா போறவங்களுக்கு டெபியன்ல ஐஎம்-கான்ஃபிக்ங்கற டூல் இதையெல்லாம் தானே பண்ணிரும், நீங்க ஸ்டார்ட்எக்ஸ் படிக்கிற எக்ஸ்இனிட்ஆர்சிங்கற ஃபைல எழுதி ஸ்டார்ட்எக்ஸ்ல போறதால அது உங்களத் தொடவே இல்ல.

புதுவயல்_பைனரி:
எக்ஸ்இனிட்ஆர்சிலயே எக்ஸ்போர்ட் போட்டாலும் வேலை செய்யுமே.

தேவகோட்டை_டெர்மினல்:
செய்யும், ஓப்பன்பாக்ஸ் செஷன கெளப்புற எக்ஸெக் வரிக்கு மேல போட்டா. ஆனா நாளைக்கு இவரு லாகின் ஸ்க்ரீன் போட்டார்னா எக்ஸ்இனிட்ஆர்சிய யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

அப்பறம் டிடபிள்யூஎம் பத்தி சொன்னீங்களே, வேகம் எல்லாம் சரிதான், நானும் ரெண்டு வருஷம் ஓட்டுனேன். அதுல பார்ல வர்ற டைட்டில்ல தமிழ் ஒழுங்கா சேராது தம்பி, எழுத்து வரைய எக்ஸ்எஃப்டி மட்டும்தான் வச்சிருக்கு, எழுத்த கோத்து வரைய ஆள் இல்ல, "கொ"ன்னு வர வேண்டியது கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கெடக்கும். ஓப்பன்பாக்ஸ் எழுத்த கோத்து வரையுற பாங்கோவ வச்சு எழுதுது, அதனால மெனு, டைட்டில் எல்லாத்துலயும் தமிழ் முழுசா வரும். ஐ3லயும் ஃபான்ட் வரில பாங்கோன்னு குறிச்சு தமிழ் ஃபான்ட் குடுத்தா வரும். பலகாரக் கடைக்கு விண்டோ மேனேஜர் பாக்குறப்ப நான் இதத்தான் மொதல்ல பாப்பேன், எத்தன எம்பி மிச்சம்னு அப்பறம் பாக்கலாம், ப்ரௌசர தொறந்தா அந்த மிச்சம் எப்படியும் போயிரும்.

புதுவயல்_பைனரி:
ம்ம் அது உண்மைதான், நான் தமிழ் டைட்டில் ஓப்பன் பண்ணிப் பாத்ததே இல்ல. இப்ப எக்ஸுக்குப் பதிலா வர்ற வேலேண்டுக்கு மாறுனா ஓப்பன்பாக்ஸ் ஓடாதே, அப்ப?

தேவகோட்டை_டெர்மினல்:
வேலேண்டுக்குன்னு லேப்டபிள்யூசி இருக்கு, ஓப்பன்பாக்ஸோட ஆர்சி, மெனு எக்ஸ்எம்எல் ஃபைல் மாதிரியே எழுதலாம். ராஸ்பெரி பை ஓஎஸ்காரங்களே 2024 அக்டோபர்ல அதுக்கு மாறிட்டாங்க. ஆனா சீர் ஆர்டர் வெள்ளிக்கிழமை, இப்ப வேணாம்.

கணக்கப்புள்ள_காரைக்குடி:
என்விரான்மென்ட் ஃபைல் போட்டேன், ரெண்டு பக்கமும் தமிழ் வருது. மெனு எக்ஸ்எம்எல்ல தமிழ் வரும்னு நீங்க சொன்ன தைரியத்துல ஆச்சிக்கு ரைட் க்ளிக் மெனுவயே மாத்திட்டேன்: "ஆர்டர் நோட்டு", "லேபிள்", "போன வருஷக் கணக்கு", கடைசில "மெஷின அணை". ஆச்சி கண்ணாடி போடாமப் படிக்கணும்னு ஆர்சி எக்ஸ்எம்எல்ல மெனு ஐட்டம் ஃபான்ட் சைஸ 16 ஆக்கிட்டேன். ஒரே பிரச்சன, "லேபிள்"னு நெனச்சு "அணை"ய ரெண்டு தடவ அமுக்கிட்டாங்க, கேக்காம பட்டுன்னு அணைஞ்சிருது, பாதி லேபிள் போச்சு.

தேவகோட்டை_டெர்மினல்:
மெனு எக்ஸ்எம்எல்ல "அணை"க்கு எழுதுன எக்ஸிக்யூட் ஆக்‌ஷனுக்குள்ள ப்ராம்ப்ட்னு ஒரு டேக் போட்டு கேள்விய எழுதுங்க, ஆமா இல்லன்னு பெட்டி வந்து நிக்கும், ஆமான்னு சொன்னாத்தான் அணையும். கேள்விய தமிழ்லயே எழுதலாம்.

கணக்கப்புள்ள_காரைக்குடி:
போட்டாச்சுண்ணே. "ஆச்சி, கணக்க சேவ் பண்ணியாச்சா?"ன்னு கேக்குது. ஆச்சி ஸ்க்ரீனப் பாத்து "பண்ணிட்டேன்ப்பா"ன்னு வாயால பதில் சொல்லிட்டு உக்காந்திருக்காங்க.