கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது: ஆன்போர்டு கிராபிக்ஸை வைத்து எதுவரை விளையாடலாம்?

கரிசல்காடு:

வணக்கம். என்விடியாவின் 6 ஜிபி 1060 கிராபிக்ஸ் கார்டு ஒன்று வைத்திருந்தேன். மாமா மகன் புதுக் கணினி வாங்கியபோது எனக்குக் கொடுத்தது. அவரிடமும் என்னிடமும் நன்றாக உழைத்த கார்டு. சில வாரங்களாகத் திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சிறு கட்டங்கள் தெரிந்தன. பிறகு ஆட்டத்தின் நடுவே திரை இருண்டு கணினி தானாக மறுபடி கிளம்பத் தொடங்கியது. இப்போது கார்டு செருகியிருந்தால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. அதைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் விண்டோஸ் ஒழுங்காக வருகிறது.

பிராசசர் ஐ5-10400, எச்410 போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக் (2666), 1080பி மானிட்டர்.

ஷார்ஜாவில் இருக்கும் அண்ணனோடு வெள்ளிக்கிழமை இரவுகளில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் ஆடுவேன். நாங்கள் இருவரும் நிம்மதியாகப் பேசிக்கொள்ளும் நேரமே அதுதான். மற்றபடி ஜிடிஏ 5. விட்சர் 3 பாதியில் நிற்கிறது. கார்டு இல்லாமல் ஏஜ் 2 ஓடுகிறது, ஆனால் பெரிய சண்டை வந்ததும் இழுக்கிறது. ஜிடிஏ 5 நகரத்துக்குள் திக்கித் திக்கிப் போகிறது.

இங்கே கோவில்பட்டியில் ஒருவர் பழைய 1050 டிஐ கார்டு 5,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? பிராசசருக்குள்ளேயே வரும் ஆன்போர்டு கிராபிக்ஸையே தேற்ற வழி உண்டா? தீபாவளி போனஸ் வரும்வரை புதுக் கார்டுக்கு வழியில்லை.

மலர்_சேலம்:

தம்பி, அந்த 5,000 ரூபாயை இப்போது வெளியே எடுக்காதீர்கள். முதலில் உங்கள் போர்டில் காலியாகக் கிடக்கும் இரண்டாவது ரேம் ஸ்லாட்டைப் பாருங்கள். உங்கள் சிக்கலில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

காரணத்தைச் சொல்கிறேன். கார்டுக்குச் சொந்த நினைவகம் உண்டு. உங்கள் 1060-இல் இருந்தது நொடிக்கு 192 ஜிபி தரவைக் கடத்தும். பிராசசரோடு வரும் யுஎச்டி 630-க்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. உங்கள் ரேமைத்தான் அது பங்கு கேட்கும். 2666 வேகத்தில் ஒரே ஸ்டிக் கடத்துவது நொடிக்கு ஏறத்தாழ 21 ஜிபி. அதாவது பழைய கார்டில் இருந்ததில் ஒன்பதில் ஒரு பங்கு. அதையும் விண்டோஸும் ஆட்டமும் கிராபிக்ஸும் அடித்துப் பிடித்துப் பகிர்ந்துகொள்கின்றன. அதே அளவில் இன்னொரு ஸ்டிக் போட்டால் இரண்டு சேனலும் (ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள தரவுப் பாதைகள்) திறந்து 42 ஜிபிக்கு மேல் போகும். ஒற்றை வழிச் சாலைக்குப் பக்கத்தில் இன்னொரு சாலை போட்ட மாதிரி. 8 ஜிபியை வைத்துக்கொண்டு திண்டாடுவதும் அதோடு தீரும்.

3200 வேக ரேம் என்று கடைக்காரர் கூடுதல் விலை சொன்னால் உங்களுக்கு அது வேண்டாம். உங்கள் போர்டும் பிராசசரும் 2666-க்கு மேல் ஓட்டாது. பழைய ஸ்டிக்காக இருந்தாலும் பரவாயில்லை. டிடிஆர்4, 8 ஜிபி, 2666, இது போதும். போட்டபின் டாஸ்க் மேனேஜரில் பார்ப்பதைவிட சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்து, சேனல் இரண்டு என்று வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் சேலத்தில் அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். 2021-இல் ஏஎம்டியின் ரைசன் 5600ஜி பிராசசர் வந்ததும் அதை வாங்கினேன். அன்று முதல் தனிக் கார்டே வைத்துக்கொண்டதில்லை. அதில் உள்ள வேகா 7 கிராபிக்ஸ் உங்கள் யுஎச்டி 630-ஐவிட நன்றாகவே வலுவானது, அதனால் என் கணக்கை அப்படியே உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வகைக் கணினியில் எதை விட்டுக்கொடுக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜிடிஏ 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச்சில் கணினிக்கு என்ஹான்ஸ்டு பதிப்பு வந்தது. அதைத் தொடாதீர்கள், லெகசி என்ற பழைய பதிப்பையே நிறுவுங்கள். உள்ளே போய் ரெசல்யூஷனை 1280x720 ஆக்குங்கள். 1080பி என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) 20 லட்சம் புள்ளிகளுக்கு மேல் வரைய வேண்டும். 720பி-யில் அது 9 லட்சத்துச் சொச்சம்தான். உருவங்களின் ஓரங்களை வழவழப்பாக்கும் எம்எஸ்ஏஏ முழுக்க நிறுத்தம். பிறகு புல். பலரும் நிழலைத்தான் முதலில் குறைப்பார்கள், புல்லை அப்படியே விட்டுவிடுவார்கள். ஊருக்கு வெளியே மலைப்பக்கம் வண்டி திரும்பியதும் ஃபிரேம் சரசரவென்று இறங்குவது அந்தப் புல்லால்தான். அதை நார்மலில் வையுங்கள். டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) நார்மல். வீடியோ மெமரி போதாது என்று பட்டை சிவப்பானால் பயப்பட வேண்டாம். பரிந்துரைத்த எல்லையைப் புறக்கணி என்று பொருள்படும் தெரிவு அதே பக்கத்திலேயே இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். ஆன்போர்டு கிராபிக்ஸ் தேவைக்கேற்ப ரேமை எடுத்துக்கொள்ளும்; ஆட்டம் காட்டும் கணக்கு சரியாக இருக்காது.

இதையெல்லாம் செய்தும் வேகம் நொடிக்கு 25 ஃபிரேமுக்கும் 50-க்கும் நடுவே ஊசலாடினால், 30-இல் பூட்டிவிடுங்கள். ஆடாமல் அசையாமல் வரும் 30 ஃபிரேம், தாறுமாறான 45-ஐவிடக் கண்ணுக்கும் கைக்கும் சுகம். இதை நான் யாரோடும் விவாதிக்கத் தயார்.

விட்சர் 3-ஐத் தள்ளிவையுங்கள். அதில் வரும் நோவிகிராட் நகரச் சந்தைக்குள் நடந்தால் யுஎச்டி 630 படம் படமாகத்தான் நகர்த்தும். அவ்வளவு அழகான ஆட்டத்தை அந்த நிலையில் பார்க்கக் கூடாது. சேவ் கோப்புகளைப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டு, கார்டு வந்தபின் தொடருங்கள். அதுவரை ஹாலோ நைட், செலஸ்ட், போர்ட்டல் 2, ஸ்டார்டியூ வேலி, இன்டு த பிரீச் என்று இந்தக் கணினியே தாங்கும் ஆட்டங்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. இவற்றை இடைக்கால ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். ஹாலோ நைட்டில் கண்ணீர் நகரத்துக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, ஆடுவதை நிறுத்திவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தக் கார்டாலும் அந்தக் காட்சிக்கு மேலும் அழகு சேர்க்க முடியாது.

பற்றாசு:

மலர் சொன்ன ரேம் விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஆனால் கார்டு செத்துவிட்டது என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். நான் போர்டு பழுது பார்ப்பவன்.

கார்டின் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடையுங்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் கேபிளை மாற்றிப் பாருங்கள். முடிந்தால் வேறொருவர் கணினியில் போட்டுச் சோதியுங்கள். அங்கே வேலை செய்தால் குற்றவாளி பெரும்பாலும் உங்கள் பவர் சப்ளை. அங்கேயும் இருட்டு என்றால் கார்டுதான். பச்சை, ஊதாக் கட்டங்கள் பயாஸ் திரையிலேயே (விண்டோஸ் வருமுன் தெரியும் தொடக்கத் திரை) தெரிந்தனவா, விண்டோஸ் வந்தபின் மட்டுமா? பயாஸிலேயே தெரிந்திருந்தால் டிரைவர் மேல் பழி போட முடியாது. பெரும்பாலும் நினைவகச் சிப்பில் ஒன்று போயிருக்கும்.

சிப் மாற்றும் வசதி உள்ள கடைகளில் எந்தச் சிப் என்று சோதித்து மாற்றித் தருவார்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் விசாரியுங்கள், வேலைக்கு முன்பே செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: ஹீட் கன் வைத்துச் சூடு காட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். சூட்டில் உள்ளிணைப்பு தற்காலிகமாக ஒட்டும், சில நாளில் மறுபடி விடும், அதன்பின் முறையாகப் பழுது பார்ப்பதும் கடினம். வீட்டு அவனில் வைக்கச் சொல்லும் காணொளிகள் சுற்றுகின்றன. சமைக்கும் அடுப்பில் அந்தப் புகை வேண்டவே வேண்டாம்.

பழைய 1050 டிஐ பற்றி: அந்தப் பெயரில் போலிகள் நிறைய. மிகப் பழைய கார்டின் பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி விற்பார்கள். வாங்குவதாக இருந்தால் விற்பவர் கணினியிலேயே கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பாருங்கள், பல போலிகளை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

நெய்தல்:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி. பிராசசர் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் (10400எஃப், 12400எஃப்) ஆன்போர்டு கிராபிக்ஸே கிடையாது. ரைசன் 5600, 5600எக்ஸ் இரண்டிலும் அப்படித்தான். கார்டு போனால் மதர்போர்டு எச்டிஎம்ஐ-யில் செருகியும் பலனில்லை. புதுக் கணினி வாங்கும்போது சில நூறு ரூபாய் மிச்சம் என்று எஃப் எடுப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

கரிசல்காடு:

எல்லோருக்கும் நன்றி. நண்பன் கணினியிலும் கார்டு இருட்டுதான். கட்டங்கள் பயாஸ் திரையிலும் தெரிந்தன, இப்போது நினைவுக்கு வருகிறது. சென்னை போகும் ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பழைய 8 ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்கிப் போட்டேன். ஜிடிஏ 5 லெகசியில் மலர் அக்கா சொன்னபடி வைத்தேன். 720பி-யில் பூட்டிய 30 நகரத்துக்குள் இறங்கவே இல்லை. திக்கல் போய்விட்டது. ஏஜ் 2-இல் மட்டும் ஒரு சந்தேகம். நானும் அண்ணனும் ஆளுக்கு 200 படை சேர்த்து மோதும்போது இப்போதும் சற்று இழுக்கிறது, அவனுக்கும் அதே நேரத்தில் இழுக்கிறதாம். அவன் கணினி நல்ல கணினி. என் கணினியால் அவனுக்கும் கெடுகிறதா?

மலர்_சேலம்:

ஆம், இந்த வகை ஆட்டத்தில் அப்படித்தான் நடக்கும். ஒவ்வொரு படை வீரனும் எங்கே நிற்கிறான் என்று இணையத்தில் அனுப்புவதில்லை. நீங்கள் இட்ட கட்டளைகள் மட்டுமே போகும். இரண்டு கணினிகளும் தனித்தனியே அதே போரை நடத்தி, அடி பிசகாமல் சேர்ந்தே நகரும். ஒன்று பின்தங்கினால் மற்றொன்று காத்திருக்கும். உங்கள் 10400 போதுமான பிராசசர், கணக்குப் போடுவதில் அது தடுமாறாது. கிராபிக்ஸ் பக்கத்தை இலகுவாக்குங்கள். ஆட்டங்கள் வாங்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கியிருந்தால், அங்கே ஆட்டத்தின் டிஎல்சி (கூடுதல் உள்ளடக்கம்) பட்டியலைத் திறந்தால் என்ஹான்ஸ்டு கிராபிக்ஸ் பேக் என்று இலவசமாக ஒன்று இருக்கும். 4கே திரைக்கான படங்கள் அவை. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், வட்டிலும் நிறைய இடம் மிச்சமாகும். உள்ளே நிழல், நீர், துகள் விளைவுகளைக் குறையுங்கள். சண்டைக்களத்தை ஜூம் அவுட் செய்து பார்க்கும் பழக்கம் இருந்தால் மோதல் நடக்கும்போது மட்டும் கொஞ்சம் உள்ளே கொண்டுவாருங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே கணினியை எதிர்த்து ஒரு பெரிய ஆட்டம் ஆடிச் சோதித்துவிடுங்கள். அப்போதும் இழுத்தால் படை வரம்பை 200-லிருந்து 150 ஆக்க அண்ணனிடம் சொல்லுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் அறையிலேயே அதை மாற்றலாம்.