"நான் போய்ச் சேருவேனா, ஐயா?" – மலையில் வீடு சந்திக்கிறவர்களின் அனுபவப் பகிர்வு

கூடலூர் உபதேசியார்

எஸ்டேட் லைன் வீடுகளில் சந்திப்புக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. டீ குடித்து, ஜெபம் முடித்து, வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் வரும். "ஐயா, நான் போய்ச் சேருவேனா?" செத்தபிறகு பரலோகம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கேட்கிறவர் முப்பது வருடமாக ஆலயத்துக்கு வருகிற அம்மாவாக இருப்பார். "அதெல்லாம் சேருவீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவது பெரிய தவறு. திரும்பிப் போய் உட்காருங்கள். அந்த ஒரு வரியைக் கேட்க அவர் எத்தனை நாள் தயங்கினாரோ.

கேள்வி ஒன்றாகத் தெரிந்தாலும் வேர் வேறு வேறாக இருக்கும். "முன்ன மாதிரி ஜெபத்துல கண்ணீர் வரமாட்டேங்குது" என்கிறவர், உணர்வு வற்றியதை இரட்சிப்பே போய்விட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். "ரட்சிக்கப்பட்ட தேதி கேட்டாங்க, எனக்குத் தெரியலையே" என்கிறவருக்கு ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ வைத்த பாரம் அது. "மன்னிப்பு கேக்காத பாவம் ஒண்ணு இருக்கும்போதே உயிர் போயிட்டா?" என்கிறவர் மனதுக்குள் ஒரு பேரேடு வைத்திருக்கிறார். பத்து நிமிடமாவது கேட்டால்தான் எது என்று பிடிபடும். அதற்குமுன் வசனத்தைத் திறந்தால் தப்பான வசனம்தான் வாயில் வரும்.

பிறகு ஒரே ஒரு பகுதி போதும்: 1 கொரிந்தியர் 15:1-8. நம்முடைய வேதாகமத்தைத் திறக்காமல் அந்த வீட்டு வேதாகமத்தையே எடுத்து, அவரையே வாசிக்கச் சொல்லவேண்டும். நாம் போன பிறகும் அந்தப் பக்கம் அங்கேயே இருக்கும். பவுல் இதை எழுதியது சுமார் கி.பி. 55-ல். தான் பெற்றுக்கொண்டதைப் "பிரதானமாக" ஒப்புவித்ததாகச் சொல்கிறார். கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார், தரிசனமானார். இந்த நாலு வினைச்சொற்களையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டுக் கேளுங்கள்: "அம்மா, இந்த நாலுல எதை நீங்க செஞ்சீங்க?" அவர் கொஞ்ச நேரம் பேசமாட்டார். அந்த மௌனத்தில் நாம் குறுக்கே பேசக்கூடாது. நாலில் எதையும் அவர் செய்யவில்லை என்றால், அவருடைய சோர்வு கெடுத்துவிடக்கூடியதும் அதில் எதுவும் இல்லை. இரட்சிப்பின் நிச்சயம் தொடங்கும் இடம் அதுதான்.

சிலுவையை மட்டும் சொல்லிவிட்டு எழும்பக்கூடாது. நம் சபைகளில் உயிர்த்தெழுதலை ஈஸ்டர் பிரசங்கத்துக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டோம், அந்தக் குறை இந்த வீடுகளில்தான் தெரிகிறது. ரோமர் 4:25-ல் இரண்டும் சேர்ந்தே வருகிறது: நம்முடைய பாவங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டார், நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக எழுப்பப்பட்டார். கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் வாங்காத குடும்பம் இங்கே குறைவு. பணம் கட்டிய ரசீது மடியில் இருந்தாலும், நகை கையில் திரும்ப வந்தால்தானே மனது அடங்கும்? கட்டினது போதும் என்று பிதா ஏற்றுக்கொண்டார் என்பதற்குக் காலியான கல்லறைதான் அத்தாட்சி. கிறிஸ்து எழுந்திராவிட்டால் "நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்" என்று அதே அதிகாரம் 17-ஆம் வசனம் சொல்கிறது. அப்படியானால் அவர் எழுந்திருக்கிறபோது நிலைமை என்ன என்று அந்த அம்மாவே சொல்லட்டும்.

நகைக்கடன் உதாரணத்தில் ஒரு இடம் இடறும். "திரும்பவும் கடன் வாங்கினா?" என்று உடனே கேட்பார்கள். விசுவாசத்துக்குப் பிறகு செய்த பாவத்தைத்தான் கேட்கிறார்கள். இயேசு மரித்தபோது உங்கள் பாவங்களில் எது நடந்து முடிந்திருந்தது? ஒன்றுகூட இல்லை. எல்லாமே அப்போது வருங்காலத்துப் பாவங்கள்தான். எபிரெயர் 10:14 "ஒரே பலி" என்கிறது. அறிக்கையிடுவதைப் பற்றி 1 யோவான் 1:9 சொல்வது பிள்ளை தகப்பனிடம் வருகிற வருகை. ஒன்று விடுபட்டால் வீட்டைவிட்டுத் துரத்தும் கணக்கு அங்கே இல்லை.

குன்னூர், மருத்துவமனைச் சந்திப்பு

ஐயா சொன்னது வீட்டுக்குச் சரி. வார்டில் அவ்வளவு நேரம் கிடைக்காது. ஐந்து நிமிடம், ஒரு வசனம். நின்றுகொண்டு பேசவேண்டாம், நாற்காலியை இழுத்துப்போட்டு அவருடைய கண் மட்டத்தில் உட்காருங்கள். ஆக்ஸிஜன் போட்டிருக்கிறவரிடம் "என்கூட சொல்லுங்க" என்று ஜெபம் சொல்லவைக்காதீர்கள். மூச்சு போதாமல் பாதியில் நின்றால், ஜெபம் முடியவில்லையே, செல்லுமா செல்லாதா என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுவார். இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கின கள்ளன் அவரிடம் கேட்டதும் ஒரே வரிதான்.

யோவான் 5:24-ஐச் சொல்லும்போது வினைச்சொல்லில் நிறுத்துங்கள். விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் "உண்டு". உண்டாகும் என்றில்லை. "மரணத்தைவிட்டு நீங்கி, ஜீவனுக்குட்பட்டிருக்கிறான்", இதுவும் முடிந்துபோன காரியம். "முடிந்தது" என்று சிலுவையில் சொன்ன சொல்லும் கிரேக்கத்தில் அப்படித்தான், நடந்து முடிந்து அதன் பலன் இன்றும் நிற்கிறது என்று காட்டும் காலவடிவம். அந்தக் காலத்து ரசீதுகளில் இந்தச் சொல்லை முத்திரையாகக் குத்தினார்கள் என்று மேடைகளில் சொல்வதைப் படுக்கையருகே கொண்டுபோகவேண்டாம். அதற்கு ஆதாரம் திடமாக இல்லை, வசனத்துக்கு அந்த முட்டும் தேவையில்லை.

செய்யவே கூடாதது ஒன்று: சுகத்தையும் இரட்சிப்பையும் ஒரே முடிச்சில் கட்டுவது. "விசுவாசம் இருந்தா எழும்பிருவீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எழும்பாதபோது, தனக்கு விசுவாசமே இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு அந்த மனிதர் தனியாகக் கிடக்கிறார். ஜெபியுங்கள், சுகத்துக்காகவும் ஜெபியுங்கள். ஆனால் அவர் சாகக்கிடந்தாலும், என் கையிலிருந்து ஒருவனும் பறித்துக்கொள்வதில்லை என்கிற யோவான் 10:28 அப்படியே நிற்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

மனச்சோர்வு நோயில் தேவன் தூரமாகிவிட்டதுபோல் தோன்றுவது நோயின் அறிகுறி. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கு யாரும் தரவில்லை. இன்னொரு வகையும் உண்டு: ஒரே கேள்வியை ஒரு நாளில் பத்து முறை, பத்துப் பேரிடம் கேட்பார். ஒவ்வொரு தடவையும் நாம் தைரியம் சொல்லச் சொல்ல, சந்தேகம் அடுத்த மணி நேரத்தில் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். அது எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், வசனம் அதோடு கூடவே போகட்டும்.

கோத்தகிரி, ஞாயிறு பள்ளி

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் நிறைய. அவர்களிடம் பேசும்போது அவர்கள் வீட்டிலேயே இருக்கும் உதாரணத்தை எடுங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினவர்கள். இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும், அக்கரையில் என்ன காத்திருக்கிறதோ என்று நடுங்கினவர்கள் உண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. நடுங்கினவருக்குக் குடியுரிமை ஒரு அணுவும் குறையவில்லை. பாடினவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு பேரையும் அதே கப்பல்தான் கொண்டுவந்தது. இதற்குப் பிறகு, நம்முடைய குடியிருப்பு பரலோகத்திலிருக்கிறது என்கிற பிலிப்பியர் 3:20-ஐ வாசித்தால் விளக்கமே வேண்டாம், பெரியவர்கள் தலையாட்டுவார்கள்.

சிறு பிள்ளைகளுக்கு யாத்திராகமம் 12, எகிப்தில் பஸ்கா இரவு. வாசல் நிலையில் இரத்தம் பூசிய வீட்டுக்குள் ஒரு பையன் பயந்து அழுதிருப்பான், இன்னொருவன் தூங்கியிருப்பான். "அந்த இரத்தத்தைக் கண்டு" கடந்துபோவேன் என்றுதான் கர்த்தர் சொன்னார், உள்ளே இருப்பவனின் முகத்தைக் கண்டு என்று சொல்லவில்லை.

ஒரு கேள்வி: எபிரெயர் 6-ஐக் காட்டிப் பயப்படுகிறவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?

கூடலூர் உபதேசியார்

அக்கா கேட்டது முக்கியமான இடம். பின்வாங்கினவர்களைத் திரும்பவும் மனந்திரும்புதலுக்குப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்று 6:4-6-ல் வாசித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு. முதலில் 9-ஆம் வசனம்வரை வாசிக்கச் சொல்லுங்கள். எழுதினவர் தம் வாசகரைப் "பிரியமானவர்களே" என்று அழைத்து, உங்களிடத்தில் இரட்சிப்புக்குரியவைகள் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார். அந்த எச்சரிப்பு, கிறிஸ்துவை அறிந்தும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவனைப் பற்றியது. திரும்பி வர முடியுமா என்று அழுகிறவர் ஏற்கனவே இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறார். அவருக்கு யோவான் 6:37: வருகிறவனைப் புறம்பே தள்ளுவதில்லை.

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்பவருக்கு மாற்கு 3:30-ஐக் காட்டுங்கள். இயேசுவுக்குள் இருந்த ஆவியானவரையே அசுத்த ஆவி என்றவர்களுக்குச் சொன்னது அது. பயத்தோடும் நடுக்கத்தோடும் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிற பிலிப்பியர் 2:12-ஐப் பிடித்துக்கொண்டு கலங்குகிறவருக்கு 13-ஐ விடாமல் வாசியுங்கள், விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று அங்கே இருக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது. கூலியைக் கடையில் கொட்டிவிட்டு, ராத்திரி வீட்டில் அடித்து நொறுக்கிவிட்டு, "நான் கன்வென்ஷன்ல கை தூக்கினவன், எனக்கு நிச்சயம் இருக்கு" என்கிற மனிதரும் நம் சபையில்தான் இருக்கிறார். அவரிடம் யோவான் 10:28-ஐ எடுத்தால் அது அநியாயம். 1 யோவான் 2:4-ஐ எடுங்கள்: அவரை அறிந்திருக்கிறேனென்று சொல்லியும் கற்பனைகளைக் கைக்கொள்ளாதவன் பொய்யன். கை தூக்கினதில் அவர் சாய்கிறார், கிறிஸ்துவில் சாயவில்லை. முதலில் அந்த வீட்டுப் பெண்ணும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்கிறார்களா என்று பாருங்கள். நடுங்குகிற பாட்டிக்கு எச்சரிப்பையும் இந்த மனிதருக்கு ஆறுதலையும் கொடுத்துவிட்டு வருவதுதான் நம் சந்திப்புகளில் நடக்கும் மோசமான பிசகு.

கனி முக்கியம்தான், சகோதர அன்பை 1 யோவான் 3:14 அடையாளமாகவே சொல்கிறது. வேருக்குப் பிறகுதான் கனி. வரிசையை மாற்றினால், நல்ல மனசாட்சியுள்ளவர்கள் தங்கள் கனியை எண்ணி எண்ணியே வாடிப்போகிறார்கள்.

கொடைக்கானல், மறைக்கல்வி ஆசிரியை

பழனி மலையில் ஒரே குடும்பத்தில் இரண்டு சபையாரும் இருப்பது சாதாரணம், அதனால் கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து கொஞ்சம். சொற்கள் வேறு: நீங்கள் இரட்சிப்பு, கிருபை, நித்தியஜீவன் என்பதை, 1995 பொது மொழிபெயர்ப்பில் நாங்கள் மீட்பு, அருள், நிலைவாழ்வு என்று வாசிக்கிறோம். எங்கள் வீட்டுப் பெரியவரிடம் அவருக்குப் பழகின சொல்லில் பேசுங்கள்.

போதனையிலும் வித்தியாசம் உண்டு, மறைக்கவேண்டியதில்லை. 1547-ல் எங்கள் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வு, கடவுளின் தனி வெளிப்பாடு இல்லாமல் ஒருவர் தன் இறுதி நிலையைப் பிழையற்ற உறுதியோடு அறியமுடியாது என்றது. அதே அமர்வு, கடவுளின் உதவியில் எல்லாரும் மிக உறுதியான எதிர்நோக்கு வைக்கவேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள்தான் பயத்தில் இருக்கிறார்கள். சாகும் தறுவாயில் இருப்பவர் வீட்டில் வாக்குவாதம் வேண்டாம். பங்குத்தந்தைக்கு உடனே சொல்லியனுப்புங்கள், ஒப்புரவும் நோயில்பூசுதலும் இறுதி நற்கருணையும் அவருக்குக் கிடைக்கட்டும். அதுவரை உரோமையர் 8:38-39-ஐ வாசியுங்கள். சாவோ வாழ்வோ கிறிஸ்துவின் அன்பிலிருந்து பிரிக்காது என்பதில் நமக்குள் சண்டை இல்லை.

குன்னூர், மருத்துவமனைச் சந்திப்பு

நன்றி அக்கா. சீர்திருத்த சபைகளுக்குள்ளும் எல்லாரும் ஒரே குரல் இல்லை. மெதடிஸ்ட் வழி வந்தவர்கள், நிச்சயம் இன்றைக்கு உண்டு, ஆனால் விழுந்துபோகவும் கூடும் என்பார்கள். 1646-ன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை 18-ஆம் அதிகாரத்தில், உண்மையான விசுவாசியும் இந்த நிச்சயத்துக்காக நீண்ட காலம் காத்திருக்க நேரலாம் என்று ஒப்புக்கொள்கிறது. "நிச்சயம் இல்லாட்டி நீ ரட்சிக்கப்படவே இல்ல" என்று விரல் நீட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஊட்டி, பாடகர் குழு

ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை நடத்துகிறவர்களுக்கு. காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது, தாளில் கூம்பு செய்து மாட்டுங்கள். பனிமூட்டத்தில் பாட்டுப்புத்தகம் வாசிக்க முடியாது, ஆகவே மனப்பாடமான பாட்டுகளை மட்டும் எடுங்கள். செய்தி பத்து நிமிடம் தாண்டினால் வயதானவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். 1 தெசலோனிக்கேயர் 4:14 வாசிக்கும்போது, அந்த வருடம் அடக்கம்பண்ணினவர்களின் பெயர்களைச் சத்தமாகச் சொல்லுங்கள். இயேசு மரித்து எழுந்தார் என்ற விசுவாசத்தின்மேல்தான் "நித்திரையடைந்தவர்களையும்" என்ற வார்த்தை நிற்கிறது, அவரவர் குழிமேட்டருகே நிற்கும்போது அது தெளிவாகக் கேட்கும். ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயம் மக்களுக்குத் திறக்கப்பட்ட 1831 ஏப்ரல் 3-உம் ஒரு ஈஸ்டர் ஞாயிறுதான். ஆலயத்தை அடுத்த சரிவிலேயே கல்லறைத் தோட்டம்.

கோத்தகிரி, ஞாயிறு பள்ளி

வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு என்ன செய்வது, ஐயா?

கூடலூர் உபதேசியார்

நாலு விரல் போதும் அக்கா. மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், உயிர்த்தெழுந்தார், தரிசனமானார். பாட்டியின் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலையும் மடக்கிச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கு "எனக்காக". மருமகளையோ பேரப்பிள்ளையையோ பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னால், ராத்திரி பயம் வரும்போது சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும். அடுத்த தடவை போகும்போது நீங்கள் தொடங்காதீர்கள். கையை நீட்டிவிட்டுப் பாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது விரலில் மறந்தால் அங்கிருந்து எடுத்துக்கொடுங்கள்.