ஒரே ஒரு வீரரின் கார்டுகளை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பழையபெட்டி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வெளிவந்த, பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருப்பவன் நான். அந்த ஆண்டுகளில் நிறுவனங்கள் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளியதால், அவற்றில் பெரும்பாலானவை அவற்றை வைத்திருக்கும் பெட்டியின் விலைகூடப் பெறமாட்டா என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. சென்ற வாரம் அவற்றைப் பிரித்து அடுக்க உட்கார்ந்தபோதுதான் வேறொன்று உறைத்தது. கையில் எடுத்த கார்டுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இருந்த வீரர்கள் எப்படி ஆடினார்கள் என்பதே நினைவுக்கு வரவில்லை. எண் வரிசையில் எது குறைகிறது என்று பார்ப்பதிலேயே காலம் போய், ஆட்டத்தைப் பார்க்க மறந்துவிட்டேன் போலும்.

ஆகவே, மனத்துக்கு நெருக்கமான ஒருவரின் கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடலாம் என்று எண்ணுகிறேன். பழைய நட்சத்திர வீரர் மிக்கி மேண்டில் மீது ஓர் ஆசை உண்டு. ஆனால் டாப்ஸ் நிறுவனம் 1952இல் அச்சிட்ட அவருடைய கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போன செய்தியைப் படித்த பிறகு, அந்தப் பெயரை உச்சரிக்கவே தயக்கமாக இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த வீரர் யார், அவரை ஆட்டத்தில் கண்டு விரும்பினீர்களா அல்லது கார்டு வழியாக வந்து சேர்ந்தாரா, ரூக்கி கார்டு (ஒரு வீரர் அறிமுகமாகும் முதல் கார்டு) இல்லாத ஒரு சேகரிப்பை முழுமையானது என்று சொல்லலாமா என்பவற்றை விளக்கினால் உதவியாக இருக்கும்.

வலதுகளம் எழுதியது:

என் பதில் ரொபெர்ட்டோ கிளெமென்டே. அவர் ஆடிய நாளில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. பழைய படச்சுருள்களில் கண்டதுதான். வலது களத்தின் கோடியில் சுவரை ஒட்டிப் பந்தைப் பொறுக்கி, அதே வேகத்தில் உடலைத் திருப்பி, மூன்றாம் பேஸை நோக்கி அவர் எறிவதை ஒருமுறை பார்த்தவர்கள், ஓடுபவர்கள் ஏன் இரண்டாம் பேஸிலேயே நின்றுவிட்டார்கள் என்று கேட்கமாட்டார்கள். 12 முறை கோல்ட் க்ளவ் (சிறந்த ஃபீல்டிங்) விருது, 4 முறை பேட்டிங் பட்டம் (லீகின் மிக உயர்ந்த பேட்டிங் சராசரிக்கு), 1966இல் எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) என்று பட்டியல் நீளும். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1971 வேர்ல்ட் சீரிஸ் என்னும் இறுதித் தொடர். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு எதிரான 7 ஆட்டங்களிலும் அவர் ஹிட் (பந்தை அடித்து, ஆட்டமிழக்காமல் பேஸை அடைவது) அடித்தார், சராசரி (பேட்டிங் வாய்ப்புகளுக்கு ஹிட்டுகளின் விகிதம்) .414.

1972 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிராக அடித்தது அவருடைய 3000ஆவது ஹிட். வழக்கமான பருவ ஆட்டங்களில் அதுவே கடைசி ஹிட்டும் ஆயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் தேதி, நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நிகராகுவாவுக்கு உதவிப் பொருள்களைக் கொண்டுசென்ற விமானம் புவேர்ட்டோ ரிக்கோ கடலோரத்தில் விழுந்து அவர் உயிரிழந்தார். பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் வழக்கமாகக் கேட்கும் ஐந்தாண்டுக் காத்திருப்பைத் தளர்த்தி அவரை 1973இல் சேர்த்துக்கொண்டது.

இனி கார்டுகளுக்கு வருகிறேன். 1955ஆம் ஆண்டின் முதல் டாப்ஸ் கார்டு படுக்கைவாட்டில் அமைந்தது. அதில் பெயர் ‘ரொபெர்ட்டோ’ என்று சரியாகவே இருக்கிறது. 1957 முதல் 1969 வரை வந்த டாப்ஸ் கார்டுகளில் அவர் ‘பாப்’ ஆகிவிடுகிறார். அந்தப் பெயரில் தம்மை அழைப்பதை அவர் விரும்பவில்லை. ஆனாலும் 13 ஆண்டுகள் அப்படியே அச்சிட்டார்கள். 1970இல்தான் ‘ரொபெர்ட்டோ’ திரும்பி வருகிறார். என் ஆல்பத்தில் கார்டுகளை ஆண்டு வரிசையில் வைத்திருக்கிறேன். பக்கங்களைப் புரட்டினால், ஒரு மனிதரிடமிருந்து அவர் பெயர் பிடுங்கப்பட்டுப் பிறகு திருப்பித் தரப்படுவதைக் கண்ணாலேயே காணலாம். வேறு எந்த வீரரின் கார்டு வரிசையும் என்னை இந்த அளவுக்கு நிறுத்திவைத்ததில்லை.

ஓர் எச்சரிக்கை: 1971ஆம் ஆண்டு டாப்ஸ் கார்டுகளுக்கு விளிம்பு கறுப்பு. நகம் பட்டால் போதும், வெள்ளை தெரிந்துவிடும். என்னிடம் உள்ள 1971 கிளெமென்டேயின் நான்கு மூலைகளும் நரைத்துப் போனவை. விற்றவர் தமது விளம்பரத்தில் ‘நல்ல நிலை’ என்று எழுதியிருந்தார்; கண்ணாடியைத் துடைத்துவிட்டு எழுதியிருக்கலாம்.

முதல்எண் எழுதியது:

கென் கிரிஃபி ஜூனியர். விற்கும் முன் உங்கள் பெட்டிகளையே ஒருமுறை நன்றாகத் துழாவிப் பாருங்கள். அப்பர் டெக் நிறுவனம் 1989இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டபோது, எண் 1 என்ற இடத்தை உயர்மட்ட மேஜர் லீகில் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடியிராத 19 வயது இளைஞருக்குக் கொடுத்தது. சியாட்டில் மாரினர்ஸ் சீருடையில் அவருக்குப் படமே இல்லாததால், சிறு லீக் அணியின் தொப்பியோடு எடுத்த படத்தில் தொப்பியைத் திருத்தி வரைந்து அச்சிட்டார்கள். அந்த இளைஞர் பின்னர் 630 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து எடுப்பது) அடித்தார். 1990இல் தம் தந்தையுடன் ஒரே அணியில் ஆடி, இருவரும் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்த நாளும் உண்டு. அந்தக் கார்டு ஏராளமாக அச்சானதுதான். இருந்தும் மதிப்புக் குறையவில்லை. ஏனென்றால் அதை விரும்புகிறவர்களும் ஏராளம்.

ஒன்பதாம்இன்னிங்ஸ் எழுதியது:

முதலில் மேண்டில் பற்றி ஒரு செய்தி. 1952 டாப்ஸ் கார்டைப் பலரும் அவருடைய ரூக்கி கார்டு என்றே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் 1951ஆம் ஆண்டு போமன் நிறுவனத்தின் கார்டுதான் அவருடைய ரூக்கி கார்டு. 1952 கார்டு அந்தத் தொகுப்பின் கடைசிப் பகுதியில், பருவம் முடியும் தறுவாயில் வெளிவந்து விற்காமல் தேங்கியது. எஞ்சிய பெட்டிகளை டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கர் 1960இல் படகில் ஏற்றிச்சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டினார். அந்த விலையில் ஒரு பங்கு மேண்டிலின் ஆட்டத்துக்கு என்றால், இன்னொரு பங்கு கடலுக்கு. எனவே விலையைக் கண்டு ஒரு வீரரை ஒதுக்கவும் வேண்டாம், விரும்பவும் வேண்டாம்.

என்னுடைய வீரர் டோனி குவின். சான் டியேகோ பாட்ரெஸ் அணிக்காகவே 20 பருவங்கள் ஆடியவர். 8 பேட்டிங் பட்டங்கள், 3141 ஹிட், வாழ்நாள் சராசரி .338. இந்த எண்களை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது 434. இருபது பருவங்களில் அவர் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளால் ஆட்டமிழப்பது) ஆனது மொத்தமே அத்தனை முறைதான். இக்காலப் பேட்டர்களில் சிலர் இரண்டரைப் பருவத்தில் அதைத் தாண்டிவிடுகிறார்கள். ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) மூன்றாம் பேஸ்மேனுக்கும் இடையே உள்ள இடைவெளியில் அவர் பந்தைத் தட்டிவிடுவதைப் பார்க்கும்போது, பந்தை அடிக்கிறார் என்று சொல்லத் தோன்றாது, அனுப்பி வைக்கிறார் என்றே தோன்றும்.

ரூக்கி கார்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். குவினுடைய ரூக்கி கார்டுகளில் முதன்மையாகக் கருதப்படுவது 1983 டாப்ஸ், எண் 482. பெரிய ஆட்டப் படமும், மூலையில் சிறிய வட்டத்துக்குள் முகமும் கொண்ட வடிவமைப்பு. வேட் போக்ஸ், ரைன் சாண்ட்பெர்க் ஆகியோரின் ரூக்கி கார்டுகளும் அதே தொகுப்பில் உள்ளன. இதை வாங்குவதற்கு வீட்டை விற்க வேண்டியதில்லை. ஆயினும் என் சேகரிப்பில் இதை நான் கடைசியாகத்தான் வாங்கினேன். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் சேகரிப்பு குறையுடையது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மேட்டுக்காரன் எழுதியது:

பந்தை எறியும் பிட்சர்களை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! கிரெக் மேடக்ஸ்: 355 வெற்றிகள், 1992 முதல் 1995 வரை தொடர்ந்து 4 சை யங் (சிறந்த பிட்சர்) விருதுகள், 18 கோல்ட் க்ளவ். 23 பருவங்களில் அவர் வழங்கிய வாக் (நான்கு தவறான எறிகளால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குச் செல்வது) 999. ஆயிரமாவதைத் தராமலேயே ஓய்வுபெற்றார். வேகத்தால் மிரட்டாமல், பந்தைத் தாம் நினைத்த இடத்தில் வைத்தே எதிரியைக் குழப்பியவர். ரூக்கி கார்டு 1987 டாப்ஸ் ட்ரேடட் தொகுப்பில் உள்ளது. அதுவும் உங்கள் பெட்டிகளின் காலம்தான்.

ஒன்பதாம்இன்னிங்ஸ் எழுதியது:

மேட்டுக்காரன் அவர்களே, மேடக்ஸை நானும் மதிக்கிறேன். அதனால்தான் இதை நினைவூட்டுகிறேன்: குவின் அவரை 107 முறை எதிர்கொண்டார். ஸ்ட்ரைக் அவுட் ஆனது எத்தனை முறை தெரியுமா? ஒருமுறைகூட இல்லை.

மேட்டுக்காரன் எழுதியது:

தெரியும். அதனால்தான் என் மேடக்ஸ் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு குவின் கார்டும் இருக்கிறது. வேறு பேட்டர் எவருக்கும் அங்கே இடம் கொடுக்கவில்லை.

பழையபெட்டி எழுதியது:

விரிவாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. முதல்எண் சொன்னபடி பெட்டிகளைத் துழாவினேன். எண் 1 கிரிஃபி கிடைக்கவில்லை. அந்தத் தொகுப்பில் நான் அதிகம் பிரிக்கவில்லை போலும். ஆனால் தேடத் தேடக் குவின் வந்துகொண்டே இருந்தார். டாப்ஸ், டான்ரஸ், ஃப்ளீர், ஸ்கோர் என்று எந்த நிறுவனத்தின் பெட்டியைத் திறந்தாலும் பழுப்பு நிறச் சீருடையில் ஒன்றும், சில ஆண்டுகள் கழித்து நீல நிறத்தில் ஒன்றும். இரட்டைகளைத் தள்ளியும் 41 கார்டுகள் தேறின.

அவற்றைப் பரப்பி வைத்திருந்தபோது 1994 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஆட்டங்கள் நின்றபோது குவினின் சராசரி .394. 1941இல் டெட் வில்லியம்ஸ் .406 அடித்த பிறகு எவரும் எட்டாத .400ஐ அவர் தொட்டுவிடுவார் என்று நாள்தோறும் செய்தித்தாளில் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவேன். ஒருநாள் தேட ஆட்டமே இல்லாமல் போயிற்று. வேர்ல்ட் சீரிஸும் கைவிடப்பட்டது. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் நானும் பெட்டிகளைப் பரணில் ஏற்றினேன் என்பது இப்போதுதான் புரிகிறது. ஆக, என் வீரரை நான் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை.

வலதுகளம் அவர்களின் கிளெமென்டே வரிசையைப் படித்ததிலிருந்து 1957ஆம் ஆண்டின் ‘பாப்’ கார்டு ஒன்றையும் பார்க்கத் துடிக்கிறது மனம். அதை அடக்கி வைத்திருக்கிறேன். 1983 டாப்ஸ் கார்டுக்கு ஒரே ஒரு சந்தேகம்: கிரேடிங் செய்து (நிலையைத் தரமதிப்பிட்டு) உறையிட்டதை வாங்குவது நல்லதா?

ஒன்பதாம்இன்னிங்ஸ் எழுதியது:

ஆல்பத்தில் வைத்துப் புரட்டிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் உறையிடாததையே வாங்குங்கள். கெட்டிப் பிளாஸ்டிக் உறை ஆல்பத்தின் பக்கங்களில் நுழையாது. மூலைகள் சற்று மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை. நான்கு பக்க விளிம்புகளும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் உள்ளனவா என்று மட்டும் பாருங்கள். படம் ஒருபுறமாக ஒதுங்கிய கார்டு, ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும்.